சுவரைத் தாண்டிய நோட்டு

சட்ட மாணவரின் ரெக்கார்ட் நோட்டு பிறப்பது ஸ்டேஷனரி கடையில். அதைக் கோர்ட்டுக்கு அனுப்பிவைப்பது பார் கவுன்சில் வகுத்த 100 மதிப்பெண் செய்முறைத் தாள்: மூட் கோர்ட் எனும் மாதிரி வழக்காடலுக்கு 30, நேரில் பார்த்த விசாரணைக்கு 30, வக்கீல் அலுவலக நாட்குறிப்புக்கு 30, வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு 10.

நோட்டுக்கு முன்கதை உண்டு. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் பட்டத்துக்குப் பிறகு பயிற்சி கேட்டது. 1973-இல் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. 1995-இல் பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியை விதியாக்கியது. அதற்குக் கவுன்சிலுக்கு அதிகாரமில்லை என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பட்டத்துக்குப் பின் நிலைக்காத அந்தப் பயிற்சியைப் படிப்புக்குள்ளேயே சுமக்கிறது நோட்டு.

சென்னையில் முன்பெல்லாம் நோட்டுக்குப் பயணம் என்று ஒன்றும் கிடையாது. 1891-இல் தொடங்கிய சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்தை ஒட்டியே இருந்தது. 2018-இல் பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் கல்லூரி போனபின் நோட்டு பஸ் ஏறுகிறது. விசாரணை பார்க்கத் திருவள்ளூர் கோர்ட் ஒன்றும் குறைச்சலில்லை. போனது, இரண்டு வகுப்புக்கு நடுவே எட்டிப் பார்த்துவிட்டு வரும் வசதி.

கோர்ட் ஹாலில் கடைசி பெஞ்சில் நோட்டு விரிகிறது. முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, மறுவிசாரணை எனப் பாடத்தில் ஒரே மூச்சில் படித்தது இங்கே மாதக்கணக்கில் நீளும். சாட்சி வரவில்லை, வாய்தா. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை, வாய்தா. சீனியரின் அலுவலகத்தில் நோட்டு மெல்லத் தடிக்கிறது. கட்சிக்காரர் கதையை நடுவிலிருந்து தொடங்குவார். தேதியை அவர் வாயிலிருந்து வரவழைப்பது தனி வித்தை. வக்காலத்தில் எங்கே ஸ்டாம்ப் ஒட்டுவது, வழக்குக் கட்டை எப்படித் தைப்பது, பக்க எண் தவறினால் மனு ஏன் திரும்பி வரும் என்பதெல்லாம் குமாஸ்தா சொல்லித் தருவது. மதிப்பெண் போடும் உரிமை அவருக்கு இல்லை. இருந்தால் பாதிப் பேர் தேறுவது சந்தேகம்.

கோர்ட் வாசலையே மிதிக்காமல் விடுதி அறையில் நிரம்பும் நோட்டுகளும் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். அவற்றில் எல்லாச் சாட்சியும் சொன்ன நாளில் வந்துவிடுவார்கள், வழக்கு நான்கே பக்கத்தில் தீர்ப்பு வரை ஓடிவிடும். நிஜமாகவே போய்வந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டாவது சாட்சியின் குறுக்கு விசாரணை பாதியில் நிற்கும்; கீழே, வைவாவுக்குப் பிந்திய ஒரு வாய்தா தேதி.