குடிசையை மாற்றுவதா, இடத்தை மாற்றுவதா? சென்னையில் அரசு நிலமும் ஏழையர் வீடும், 1970–2021

சென்னையில் இயங்கிய ஒரே வாரியத்துக்கு இரு மொழிகளில் இரு பொருள்படும் பெயர்கள் இருந்தன. ஆங்கிலத்தில் அது 'ஸ்லம் கிளியரன்ஸ் போர்டு'. தமிழில் 'குடிசை மாற்று வாரியம்'. முன்னது அகற்றுவதைச் சொல்கிறது. பின்னது குடிசையை எடுத்துவிட்டு அதற்கு ஈடாக வேறொன்றைத் தருவதைச் சொல்கிறது. 1970 செப்டம்பரில் மு. கருணாநிதி தலைமையிலான தி.மு.க. அரசு இந்த வாரியத்தை அமைத்தபோது தமிழ்ப் பெயரே அதன் கொள்கையாகவும் இருந்தது: குடிசை நிற்கும் அதே நிலத்தில் மாடிவீடு எழ வேண்டும். அடுத்த அரை நூற்றாண்டில் வாரியம் எப்போது குடிசையை மாற்றியது, எப்போது இடத்தை மாற்றியது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. ஏழைக்கு வீடு கட்டுப்படியாகுமா என்ற கேள்வியைச் செங்கல், சிமெண்டுச் செலவை வைத்தே பேசிப் பழகிவிட்டோம். சென்னையின் அனுபவம் அதை நிலத்தை வைத்துப் பேசச் சொல்கிறது.

குடிசைகள் எங்கே நின்றன? கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில், கடற்கரைக் குப்பங்களில், சாலையோரத்தில், ரயில் பாதையோரத்தில். கோயில் நிலத்திலும் தனியார் மனையிலும் நின்றவை உண்டு. ஆனால் பெரும்பகுதியை வருவாய்த்துறைப் பதிவேடு 'புறம்போக்கு' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடும். தீர்வை விதிக்கப்படாத, அரசுக்கும் ஊர்ப் பொதுவுக்கும் உரிய நிலம் என்பது அதன் பொருள். அதே சொல் பேச்சுவழக்கில் வசையாகிப் போனதை ஓர் ஆவணமாகவே படிக்கலாம்: பட்டா இல்லாத மண்ணில் நின்றவர்களை நகரம் எப்படிப் பார்த்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. துறைமுகச் சுமைதூக்கிகள், துப்புரவுப் பணியாளர்கள், சித்தாள்கள், மீன் விற்கும் பெண்கள், வீட்டுவேலை செய்வோர் அங்கே வாழ்ந்ததற்குக் காரணம் எளியது. வேலைக்கு நடந்தே போய்வரலாம்.

வாரியத்துக்கு முன்பே இந்த நகரில் பொது வீடமைப்பு இருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் உருவான நகர மேம்பாட்டு டிரஸ்டின் நினைவு இன்றும் சி.ஐ.டி. நகர், சி.ஐ.டி. காலனி என்ற பெயர்களில் தங்கியிருக்கிறது. 1961இல் அதன் பொறுப்புகள் மாநில வீட்டுவசதி வாரியத்துக்குப் போயின. மனைப்பிரிவுகளால் பெரிதும் பயன்பெற்றவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். கூரைக் குடிசைகளோ கோடைதோறும் தீக்கிரையாகிக்கொண்டிருந்தன. 1967இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க.வுக்குச் சேரி வாக்குகளின் பலம் தெரியும். எரிந்த சேரிகளின் சாம்பலும் தெரியும். தீப்பற்றாத வீடு என்ற எண்ணத்திலிருந்துதான் வாரியம் பிறந்தது.

1971இல் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம் வந்தது. அதன் 3ஆம் பிரிவின்படி ஓரிடத்தைக் குடிசைப் பகுதி என அரசு அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால், உரிய அதிகாரியின் முன் அனுமதியின்றி அங்கே குடியிருப்பவரை வெளியேற்ற நடவடிக்கை எடுக்க முடியாது என்றது 29ஆம் பிரிவு. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் அடையாளம் காணப்பட்டவை 1,202 குடிசைப் பகுதிகள். இராம. அரங்கண்ணல் வாரியத் தலைவரானார். ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்ற முழக்கத்தை வாரியம் ஏற்றுக்கொண்டது. ஏழே ஆண்டுகளில் நகரில் குடிசையே இல்லாமல் செய்வது இலக்கு.

கட்டியது என்ன? மின்தூக்கி தேவைப்படாத மூன்று, நான்கு அடுக்குக் கட்டடங்கள். ஒரு வீட்டுக்கு 200 சதுர அடியை ஒட்டிய பரப்பு. சிறிது என்று இன்று சொல்வோம், அன்றும் சிறிதுதான். ஆனால் அது நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும். மெரினாவின் நொச்சிக்குப்பத்தில் கடலைப் பார்த்து நின்றது. அடையாற்றங்கரையில் கோட்டூர்புரத்தில் நின்றது. தனியார் சந்தையில் அந்த மண்ணின் ஒரு சதுர அடியைக்கூட அங்கே குடியேறியவர் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. வீட்டுக் கணக்கில் நிலத்தின் விலை ஏறவில்லை. குடியிருப்பவரிடம் கேட்டது சொற்ப வாடகை. வீடு முழுமையாகக் கட்டுப்படியானதன் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. எங்கோ இருந்த காலி மனையைத் தேடிப் போகாமல், மக்கள் ஏற்கெனவே நின்ற மண்ணையே அவர்களுக்கு உரியதாக அரசு ஒப்புக்கொண்டது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் செலவு மிகுதி, வாரியத்தின் கைப்பணமோ குறைவு. வாடகைப் பாக்கி சேர்ந்தது, பராமரிப்பு தேய்ந்தது. ஏழாண்டு இலக்கு எட்டப்படவில்லை. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டிலேயே உலக வங்கிக் கடனில் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கட்டிய வீட்டைக் கொடுப்பதைவிட, தெருவும் குழாயும் வடிகாலும் போட்ட மனையைக் கொடுத்து வீட்டை மக்களே கட்டிக்கொள்ளச் செய்வதே சிக்கனம் என்பது வங்கியின் வாதம். போட்ட பணம் தவணையில் திரும்பி வர வேண்டும் என்பதும் நிபந்தனை. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மனைகள் அப்படி உருவானவை. பழைய குடிசைப் பகுதிகளில் பாதை, விளக்கு, பொதுக் குழாய், கழிப்பறை போட்டு, குடியிருப்பவருக்கு மனை உரிமையும் வழங்கும் திட்டம் கூடவே நடந்தது.

வாரியத்தின் வீழ்ச்சியை 1977இல் தொடங்கி எழுதுவது ஆய்வாளர்களிடையே வழக்கம். அதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். வங்கிக் காலத்தில் அடுக்குமாடி கட்டுவது சுருங்கியது உண்மை. ஆனால் மேம்படுத்தப்பட்ட குடிசைப் பகுதிகளில் மக்கள் இடம்பெயரவில்லை. நின்ற மண்ணிலேயே நின்றார்கள். மனைத் திட்டங்களும் அன்று நகரின் விளிம்பில் இருந்தாலும் நகரம் வளர்ந்து அவற்றைத் தொட்டுவிட்டது. அந்தக் காலம் விட்டுச்சென்ற கேடு வேறு. நகர்ப்புற நிலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையை ஈட்டாத பயன்பாடு விரயம் என்ற சிந்தனை அலுவலகங்களில் குடியேறியது. புறம்போக்கு அப்போதுதான் சொத்தாகத் தெரியத் தொடங்கியது.

1985இல் இதன் இரு முகங்களும் வெளிப்பட்டன. கே. சந்துரு எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், சென்னைக் குடிசைவாசிகளையும் நடைபாதைவாசிகளையும் அகற்றுவது உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. மாற்று இடம் தரும் தன் வழக்கத்தை மாநில அரசு தொடரும் என்ற நம்பிக்கையை நீதிமன்றம் பதிவு செய்தது. 'மாற்று இடம்' என்ற சொல்லுக்கு எல்லை எதுவும் வகுக்கப்படவில்லை. ஒரு தெரு தள்ளியும் இருக்கலாம், 20 கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். அதே ஆண்டின் இறுதியில் மெரினாவை அழகுபடுத்துவதற்காக மீனவர்களின் கட்டுமரங்களும் வலைகளும் அகற்றப்பட்டன. எதிர்ப்பு வலுத்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். கடலோர நிலத்தின் மேல் மீனவருக்கு இருக்கும் உரிமையைக் கூரையை வைத்து அளக்க முடியாது. கட்டுமரம் ஏற்ற மணல் இல்லாத இடத்தில் அவருக்கு வீடு தருவது தொழிலைப் பறிப்பதே.

இடத்தை மாற்றும் காலம் 1990களின் இறுதியில் முழுவீச்சில் வந்தது. ஆற்றோர வெள்ளத் தடுப்பு, பறக்கும் ரயில், சாலை விரிவாக்கம் என ஒவ்வொரு பணிக்கும் புறம்போக்கு தேவைப்பட்டது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகர் எழுந்தது. 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். அடுத்துச் செம்மஞ்சேரியில் 6,000க்கும் மேல். நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்ட நிதியில் பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்களாக 20,000க்கும் மேல். எண்ணிக்கையில் இது பெரிய சாதனை. நிலமும் அரசு நிலமே, வீடும் ஏழைக்கே. அதனால்தான் கண்ணகி நகர் இந்த ஆய்வின் உரைகல்லாகிறது: பொது நிலத்தில் கட்டியும் வாழ்க்கை கட்டுப்படியாகாமல் போக முடியும் என்பதை அது காட்டிவிட்டது. மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்த பெண்ணுக்கு, போகவர ஆகும் பேருந்துச் செலவும் மூன்று மணி நேரமும் புதிய வாடகை. கல்வியாண்டின் நடுவே மாற்றப்பட்ட பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள். முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்படும் அவமானம் அந்த இளைஞர்களுக்கு இன்றும் தொடர்கிறது.

சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது? 1971இன் 1,202 பகுதிகளுக்குப் பிறகு 1985இல் 17 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. அத்தோடு அறிவிப்பு நின்றுவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சென்னையின் குடிசைப் பகுதிகளில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை எண்ணியது. 29ஆம் பிரிவின் காப்பு அறிவிக்கப்பட்ட பகுதிக்குத்தான் என்பதால், 1985க்குப் பின் குடிசை போட்டவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்ற ஒரே பெயரில் அழைக்கப்பட்டார்கள். சட்டத்தை யாரும் திருத்தவில்லை. ஓர் அரசாணையைப் பிறப்பிக்காமல் இருந்ததே போதுமானதாயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, பாதுகாப்பு என்ற காரணம் சொல்லப்பட்டது. போய்ச் சேர்ந்த இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அருகில்.

2021இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. மறுகுடியமர்வுக்கான வரைவுக் கொள்கையும் அவ்வாண்டில் வெளியானது. டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பு ஒன்றில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைக் கண்டு முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. பழைய கட்டடங்களை இடித்து அதே நிலத்தில் கூடுதல் அடுக்குகளுடன் திரும்பக் கட்டும் பணி வேகம் பெற்றிருக்கிறது. கட்டி முடியும்வரை வெளியே தங்கும் குடும்பங்களுக்கான கருணைத்தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்த்தப்பட்டது. 1970இன் தமிழ்ப் பெயர் அரை நூற்றாண்டு கழித்து நடைமுறைக்குத் திரும்புகிறது என்று இதை நான் வாசிக்கிறேன். ஆனால் பழைய திட்டப்பகுதிகள் பலவற்றில் கட்டடம் வாரியத்தினுடையது, அடியிலுள்ள நிலம் மாநகராட்சியின் பெயரிலோ வேறொரு துறையின் பெயரிலோ கிடக்கிறது. நிலம் மாற்றப்படாததால் கிரையப் பத்திரம் எழுத முடியவில்லை. தாத்தாவின் பெயரில் வந்த ஒதுக்கீட்டு ஆணையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டு, புதுக் கட்டடத்தில் வீடு பெறும் பேரன் இன்னும் பத்திரத்துக்காகக் காத்திருக்கிறான்.