விண்மீன்கலங்கள்: உந்துதலும் வேகத்தணிப்பும்

விண்மீன்களுக்கிடையே மனிதரைச் சுமந்து பறக்கும் கலம் இன்றுவரை அறிவியல் புனைகதையில் மட்டுமே உண்டு. கலம் எப்படிக் கிளம்புகிறது என்பதைக் கதைகள் விரிவாகச் சொல்கின்றன. எப்படி நிற்கிறது என்பதே கடினமான கேள்வி. விண்வெளியில் வேகத்தைக் குறைக்கச் சாலையோ காற்றோ கிடையாது. எதிர்த்திசையில் உந்தியாக வேண்டும். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கி இதைச் செய்து காட்டியது. நிலவுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் மேலே, நொடிக்கு ஏறத்தாழ 1.68 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற அது, பயணத் திசையை நோக்கி இயந்திரங்களை எரித்தது. தலா 800 நியூட்டன் விசை தரும் அந்த நான்கு இயந்திரங்களின் உந்துதலைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஏறக்குறைய 19 நிமிடங்களில் விக்ரம் மெல்லத் தரையைத் தொட்டது.

தணிப்புக்கான எரிபொருளையும் முதலிலேயே முடுக்க வேண்டும் என்பதால் சுமை பெருக்கலாக ஏறுகிறது. ஒரு வேகத்தை எட்டக் கலத்தின் தொடக்க எடை நான்கு மடங்காக வேண்டுமெனில், எட்டியபின் நிற்கவும் சேர்த்துப் பதினாறு மடங்காக வேண்டும். பிரிட்டிஷ் கோளிடைக் கழகம் 1970களில் வகுத்த டேடலஸ் திட்டத்தில், ஒளிவேகத்தின் 12 விழுக்காட்டை எட்டும் கலம் பர்னார்டு விண்மீனருகே நிற்காமலே கடந்துவிடும்.

கோளின் காற்றுமண்டலமே தடுக்காதா எனலாம். பூமிக்குத் திரும்பும் கலங்களுக்கு அது உதவுகிறது. டேடலஸைப் போல விக்ரமைவிடச் சுமார் இருபதாயிரம் மடங்கு வேகத்தில் வரும் கலமோ எரிந்தே போகும். விண்மீனிடை வாயுவைத் தடுக்கும் காந்தப்பாய் எரிபொருளை மிச்சப்படுத்தலாம். ஆனால் வாயு மிக அரிது என்பதால் தணிப்புக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே, பாதி வழியில் கலத்தைத் திருப்பிப் பயணத் திசையை நோக்கி இயந்திரத்தை எரிக்கும் கதையே இயற்பியலுக்கு நேர்மையானது.