மலைநாட்டார் பிரசாவுரிமையும் காத்திருப்பின் காலமும்

நுவரெலியாவுக்குச் செல்வோர் புகையிரதத்தை விட்டிறங்கும் இடம் நானுஓயா. மலையேறிய இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டில் இவ்வூரை அடைந்து, சில ஆண்டுகள் இங்கேயே முடிவுற்றிருந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைக்கு அனுப்புதற்குப் பெரிதும் பயன்பட்ட இந்நிலையத்திலிருந்து, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின்னர், அத்தேயிலையை நட்டு வளர்த்தோரின் வழித்தோன்றல்கள் தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்டனர். ஏறுவோரும் வழியனுப்புவோரும் எழுப்பிய அழுகையால் அவ்வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்னும் பெயர் மலைநாட்டில் வழங்கலாயிற்று.

வண்டியில் ஏறினவரும் மேடையில் நின்றவரும் பெரும்பாலும் ஒரே லயத்தில் பிறந்து ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர்கள். ஆயினும் அவர்தம் விண்ணப்பங்களுக்கு விடை கிடைத்த காலம் வேறு வேறாயிற்று. சட்டமோ தீவு முழுமைக்கும் ஒன்றே. விண்ணப்பகாரர் எவ்விடத்தில் வாழ்ந்தார், அவருடைய கடந்தகாலம் எழுதப்பட்டிருந்த ஏடு யார் கையில் இருந்தது என்னும் இரண்டுமே காத்திருப்பின் நீளத்தை வகுத்தன.

1931 முதல் தோட்டத் தொழிலாளரிற் பலர் வாக்களித்து வந்தனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதி சௌ. தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. அடுத்த ஆண்டில் நிலைமை தலைகீழாயிற்று. 1948 நவம்பர் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்த பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரிடத்தும் தந்தை இங்கு பிறந்தமைக்கோ, பாட்டனும் முப்பாட்டனும் இங்கு பிறந்தமைக்கோ சான்று வேண்டிற்று. மாத்தறையிலோ வடமராட்சியிலோ உள்ள கமக்காரன் ஒருவனைத் தந்தையின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் காட்டும்படி கேட்டிருந்தால் அவனும் திகைத்தே நின்றிருப்பான். ஆனால் அவனை எவரும் கேட்டிலர். 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. இவ்விடயத்திலே தமிழ்க் காங்கிரஸ் பிளவுற்றதும், 1949 திசெம்பரில் சா. ஜே. வே. செல்வநாயகம் தமிழரசுக் கட்சியை நிறுவியதும் யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த செய்தி.

அதே ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்திருத்தல் வேண்டும். விண்ணப்பிக்கும் தவணை 1951 ஆகஸ்ட் 5ஆந் திகதியுடன் முடிந்தது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்துப் பின்னரே விண்ணப்பிக்குமாறு தூண்டியமையால், கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் வெள்ளமெனக் குவிந்தன. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்களில் 8,24,000 பேர் அடங்கினர்.

ஈண்டு இடத்தின் வேறுபாடு தெளிவாகப் புலனாகும். கொழும்புச் செட்டியார் தெருவில் வணிகஞ் செய்தவரிடம் கணக்கேடும், வாடகைப் பற்றுச்சீட்டும், வங்கிக் கடிதமும் இருக்கும். வழக்கறிஞரும் அருகிலேயே இருப்பர். நானுஓயாவிலோ ரதல்லையிலோ வாழ்ந்த தொழிலாளியின் ஏழாண்டு வாழ்வு துரையின் காரியாலயத்துச் செக்ரோலில் அன்றி வேறெங்கும் எழுதப்படவில்லை. அவன் வதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு மாறியிருப்பின், சான்றின் ஒரு பாதி ஓரிடத்திலும் மறுபாதி வேறிடத்திலும் கிடக்கும். திருச்சிராப்பள்ளிப் பக்கத்துச் சொந்தக் கிராமத்துக்குச் சென்று ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டாலோ ‘இடையறாமை’ அறுந்தது. மனைவியின் விடுதலை கணவனின் விண்ணப்பத்துள் அடங்கிற்று. கொழுந்தெடுத்துத் தானே கூலி பெற்ற பெண்ணும் கணவனுடைய தாள்களுக்காகக் காத்திருந்தாள். விசாரணைக்குச் சென்ற நாளின் கூலியும் இழப்பே.

பதிவு வேலையை இரண்டாண்டில் முடிப்பதாக 1954 சனவரியில் நேரு-கொத்தலாவலை ஒப்பந்தம் கூறிற்று. பத்தாண்டு கழிந்தும் பிரசைகளாக ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. இதே காலத்தில் மலாயாவில், 1957இல் சுதந்திரம் வந்தபோது, அந்நாட்டிற் பிறந்து, முந்திய ஏழாண்டில் ஐந்தாண்டு வாழ்ந்து, ஓரளவு மலாய்மொழி அறிந்தவர் பிரசையாகலாம் என விதிக்கப்பட்டது. அங்கும் எல்லோரும் உரிமை பெற்றுவிடவில்லை. எனினும் முப்பாட்டனைத் தேடும்படி எவரும் பணிக்கப்படவில்லை.

1964 அக்டோபர் 30ஆந் திகதி சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது ஏற்பாடு. 1974இல் அவ்வெச்சமும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட மக்களை எவரும் கலந்துகொள்ளாமலே இக்கணக்கு எழுதப்பட்டமை குறிக்கத்தக்கது. 1967ஆம் ஆண்டுச் செயற்படுத்தற் சட்டம் ஏழுக்கு நான்கு என்னும் விகிதத்தைப் புகுத்திற்று. ஏழு பேர் இந்தியப் பிரசைகளானால் நால்வர் இலங்கைப் பிரசைகளாகலாம். 1971ஆம் ஆண்டுத் திருத்தமோ அவ்வெழுவரும் உண்மையாகவே கப்பலேறியிருத்தல் வேண்டுமென்றது.

இதன் விளைவு விந்தையானது. நானுஓயாவில் இருக்க விரும்பியவரின் காத்திருப்பு, போக இசைந்த அயலவரின் பயணத்தோடு பிணைக்கப்பட்டது. போகிறவருக்கோ கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்தானிகர் காரியாலயத்தில் கடவுச்சீட்டு, பின்னர் ஊழியர் சேமலாப நிதி, அதன் பின்னர் கப்பலில் இடம் எனத் தவணைகள் பல. அவருடைய சேமலாப நிதி ஒரு மாதம் பிந்தினால், அவரை அறியாத வேறொருவரின் பிரசாவுரிமையும் பிந்தியது. 1984இல் தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்தபடியே பல்லாயிரவர் லயங்களில் தங்கிவிட்டனர்.

1977ஆம் ஆண்டு வன்செயலுக்கு அஞ்சி வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறியோர் நிலை இன்னும் கடினமாயிற்று. அவர்தம் பெயரெழுதிய ஏடுகள் மலையில் கிடக்க, அவர்கள் வன்னியிற் கிடந்தனர்.

இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்காதோர்க்கு 1988ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. கடவுச்சீட்டோடு தங்கியவரையும் உள்ளடக்கியது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வாழ்ந்தவரும் அவர் வழித்தோன்றல்களும் பிரசைகளே என அது கூறிற்று. கடவுச்சீட்டு உடையோர்க்கு ஒரு பிரகடனமே போதுமானதாயிற்று. அவ்வாண்டிறுதியில் நடந்த இயக்கத்தில் பத்தே நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரசாவுரிமை பெற்றனர். அரை நூற்றாண்டு இழுபட்ட காரியம் பத்து நாளில் முடியுமெனின், முந்திய தாமதத்துக்குக் காரணம் வேலைப்பளு என்னும் சமாதானம் எவ்வளவு நிற்கும்?

பாக்கு நீரிணையின் அப்பால் இக்காலக்கணக்கு இன்னும் வேறானது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் அகதிகளாகத் தமிழகஞ் சென்றோரில் மலைநாட்டு இந்திய வமிசாவளியினரும் உளர். 2009ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்கட்கு இலங்கை வாயிலைத் திறந்தது. அங்கேயே வாழ விரும்பியோர் இந்தியப் பிரசாவுரிமை வேண்டினர். திருச்சிராப்பள்ளிக் கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த 65 பேரின் வழக்கில், அவர்தம் விண்ணப்பங்களை ஆராயுமாறு 2019 ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணித்தது. அவ்வாண்டு திசெம்பரில் நிறைவேறிய இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளைப் பெயர் சுட்டிற்று. இலங்கை அதனுள் இடம்பெறவில்லை.