ஸ்டேஷனரி: ஒரே ஒலி, இரண்டு சொற்கள்

ஆங்கிலத்தில் ‘ஸ்டேஷனரி’ என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. ஒன்று அசையாமல் ஓரிடத்தில் நிற்பதைக் குறிக்கும் பெயரடை. மற்றது தாள், உறை, பேனா, மை முதலிய எழுதுபொருள்களைக் குறிக்கும் பெயர்ச்சொல். இறுதியிலுள்ள ‘ஆர்’, ‘ஒய்’ ஆகிய எழுத்துகளுக்கு முன்னால் முதற்சொல்லில் ‘ஏ’ வரும், இரண்டாவதில் ‘ஈ’ வரும். வேறுபாடு அவ்வளவே. காதுக்கு அதுவும் எட்டாது என்பதால் எழுதும்போதுதான் குழப்பம்.

இரண்டுக்கும் மூலம் ஒன்றே. நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வினை ‘ஸ்டாரே’. அதிலிருந்து நிற்குமிடத்தைச் சுட்டும் ‘ஸ்டாட்டியோ’ வந்தது. தமிழில் ‘நில்’ என்பதிலிருந்து ‘நிலையம்’ வந்த வழியும் இதுதான். நிற்பதற்கும் காகிதத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால், இடைக்காலப் பல்கலைக்கழகங்களுக்குப் போக வேண்டும்.

தெருத்தெருவாகச் சுமந்து விற்காமல், நிலையான கடை வைத்துப் புத்தகத் தொழில் செய்தவரை அக்காலத்தில் ‘ஸ்டாட்டியோனாரியஸ்’ என்றார்கள். 13ஆம் நூற்றாண்டில் பொலோனியா, பாரிஸ் நகரங்களில் இவர்கள் பல்கலைக்கழகத்தின் கட்டுப்பாட்டில் இயங்கினர். பாடநூலின் சரிபார்த்த மூலப்படியைத் தைக்காமல், சிறு சிறு கட்டுகளாக வைத்திருப்பார்கள். படியெடுப்பவர் ஒரு கட்டை வாடகைக்கு எடுத்து, எழுதி முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்ததை வாங்கிப் போவார். அதனால் ஒரே நூலைப் பலர் ஒரே சமயத்தில் படியெடுக்க முடிந்தது. எஞ்சியிருக்கும் சில சுவடிகளின் ஓரத்தில், எந்தக் கட்டு எங்கே முடிந்தது என்ற எண் குறிப்பை இன்றும் காணலாம்.

லண்டனில் தூய பவுல் பேராலயத்தைச் சுற்றிக் கடை வைத்திருந்த எழுத்தர்கள், நூலோவியர்கள், கட்டுநர்கள், விற்பனையாளர்கள் ஆகியோர் 1403இல் ஒரு சங்கமாக இணைந்தனர். 1557இல் அரச சாசனம் கிடைத்தபின், இங்கிலாந்தின் அச்சுத்தொழில் பெரும்பாலும் இந்த ‘ஸ்டேஷனர்’ சங்கத்தின் பிடிக்குள் வந்தது. ஒரு நூலை அச்சிடும் உரிமையைச் சங்கத்தின் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் திரட்டிய முதல் பெருந்தொகுப்பும் 1623இல் அதில் பதிவானது. உரிமை நூலாசிரியருக்கே என்று சொல்லும் சட்டம் 1710இல்தான் நடைமுறைக்கு வந்தது.

ஸ்டேஷனர்கள் புத்தகத்தோடு தாளும் இறகுப்பேனாவும் மையும் விற்றார்கள். காலப்போக்கில் புத்தக விற்பனை தனித் தொழிலாகப் பிரிய, பழைய பெயர் எழுதுபொருளோடு தங்கிவிட்டது. அந்தச் சரக்குக்கு ‘ஸ்டேஷனரி’ என்ற பெயர் 18ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. அரசு அலுவலகங்களுக்கு எழுதுபொருள் வாங்கித் தரப் பிரிட்டன் 1786இல் தனி அலுவலகமே தொடங்கியது. அரசிதழை அச்சிடும் தமிழ்நாட்டு எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் ஆங்கிலப் பெயரிலும் இதே சொல் உண்டு.

நிற்பதைக் குறிக்கும் மூத்த சொல் அறிவியலில் நன்கு பரவியது. இயற்பியலில் நிலையலைகள், விண்வெளியியலில் புவிநிலைச் சுற்றுப்பாதை ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களில் இது இருக்கிறது. ஆனால் புவிநிலைச் செயற்கைக்கோள் நிற்பதே இல்லை. நிலநடுக்கோட்டுக்கு 35,786 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. புவியும் அதே கோண வேகத்தில் சுழல்வதால் நம் கண்ணுக்கு நிற்பதாகத் தோன்றுகிறது. இவ்வகையில் முதலாவதான ‘சின்காம் 3’ 1964இல் ஏவப்பட்டு, டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. இந்தியாவின் ‘ஆப்பிள்’ 1981இல் இந்தப் பாதையை அடைந்தது.

நம்மூர்க் கடைப் பலகைகளிலும் விலைப்பட்டியல்களிலும் ‘ஈ’ வர வேண்டிய இடத்தில் ‘ஏ’ வருவது சர்வசாதாரணம். இலக்கணப்படி அது ‘நகராத கடை’ என்றாகிவிடும். ஸ்டாட்டியோனாரியஸ் கேட்டால் சரி என்றே தலையாட்டுவார்! கணினியின் எழுத்துப்பிழை திருத்தியும், இரண்டுமே அகராதிச் சொற்கள் என்பதால், இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

கடித உறையின் ஆங்கிலப் பெயர் ‘ஈ’யில் தொடங்குவதை நினைவில் வைக்கச் சொல்லும் பாடம் பழையது. அதைவிட, ரொட்டி சுடும் ‘பேக்கர்’ நடத்துவது ‘பேக்கரி’ என்பதைப் போல, ‘ஸ்டேஷனர்’ விற்பது ‘ஸ்டேஷனரி’ என்று கொள்வதே மேல்: நான்கிலும் ‘ஆர்’ எழுத்துக்கு முன் இருப்பது ‘ஈ’தான், சொல் பிறந்த வழியும் அதுவே.