ஷானன் ஆறும் சர்வர் கொட்டகையும்

அக்கா பையன் டப்ளின்ல இருக்கான். போன வாரம் போன்ல கரண்ட் பில் பற்றி ஒரே புலம்பல். "மாமா, இங்க அஞ்சுல ஒரு பங்கு கரண்ட் டேட்டா சென்டருக்கே போயிடுது" என்றான். பையன் அளந்து விடறான்னு நினைச்சு தேடிப் பார்த்தேன். உண்மைதாங்க. 2015-ல் அயர்லாந்தின் மின் நுகர்வில் 5 சதவீதமாக இருந்தது, 2023-ல் 21 ஆகிவிட்டது. அந்த வருடம் நகரத்து வீடுகள் எல்லாம் சேர்ந்தே 18 தான்!

தேடப் போன இடத்தில் ஒரு பழைய கதை மாட்டியது. அணை, ஆறுன்னா எனக்கு சோறு தண்ணி வேண்டாம். விடுதலை கிடைத்து மூன்றே வருடம், 1925-ல் ஷானன் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்ட அந்த ஏழை நாடு சட்டம் போட்டது. இடம் லிமெரிக் பக்கத்தில் ஆர்ட்னக்ரஷா. கட்டியது ஜெர்மனியின் சீமென்ஸ். செலவு சுமார் 52 லட்சம் பவுண்டு, அரசின் ஒரு வருட வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. "இவ்வளவு கரண்டை யாருய்யா வாங்குவா?" என்று கேலி செய்தவர்கள் நிறைய. 1929-ல் திறந்தார்கள். சில வருடங்களிலேயே நாட்டின் மின்தேவையில் பெரும்பகுதியை அதுவே கொடுத்தது. கொடுமை என்னன்னா, கிராமங்களுக்கு விளக்கு கொண்டுபோகும் திட்டம் 1946-ல்தான் ஆரம்பித்தது.

அந்த நிலையத்தின் திறன் 86 மெகாவாட். இன்று ஒரு பெரிய டேட்டா சென்டர் தனியாக அவ்வளவு கேட்கும்.

சரி, அரசு என்ன செய்தது? ரொம்ப நாள் ஒண்ணும் செய்யலை. "நாங்க நூறு சதவீதம் பசுமை" என்று கம்பெனிகள் சொல்லிக்கொண்டன. எங்கோ சுற்றும் காற்றாலையின் சான்றிதழை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். காற்றில்லாத ராத்திரியில் ஓடுவது என்னவோ கேஸ் நிலையம்தான். 2021 நவம்பரில் மின் ஒழுங்குமுறை ஆணையம் புது இணைப்புகளைக் கொஞ்சம் இறுக்கியது. 2022 ஜூலையில் அரசு கொள்கை அறிக்கை விட்டது. புதிதாக காற்றாலை, சூரிய மின்சாரம் கொண்டுவருபவர்களுக்கே முன்னுரிமை என்றது. கவனிங்க, அது விருப்பம், கட்டளை இல்லை. அதே வருடம் தெற்கு டப்ளின் கவுன்சில் புது டேட்டா சென்டரே வேண்டாம் என்று தீர்மானம் போட, மேலிருந்து அதை மாற்ற வைத்தார்கள். ஆனாலும் 2024 ஆகஸ்டில் கூகிளின் விண்ணப்பத்தை அந்தக் கவுன்சில் நிராகரித்தது. மின்கட்டமைப்பில் இடமில்லை, வளாகத்தில் சொல்லிக்கொள்ளும்படி புதுப்பிக்கத்தக்க மின்சாரமும் இல்லை என்பதும் காரணங்களில் உண்டு.

கடைசியாக 2025 டிசம்பரில்தான் கட்டளை வந்தது. புதிதாக இணைப்பு கேட்பவர்கள் வருடத் தேவையில் 80 சதவீதத்தை அயர்லாந்துக்குள்ளேயே, புதிதாக உருவாகும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் ஈடுகட்ட வேண்டும். அவகாசம் ஆறு வருடம். இந்த "புதிதாக" என்ற சொல்தான் சான்றிதழ் வித்தைக்கு ஆப்பு. ஆனா பாருங்க, கணக்கு வருடத்துக்குத்தான், மணிக்கு மணி இல்லை. காற்றில்லாத ராத்திரி அப்படியே இருக்கு. ஏற்கெனவே ஓடும் கொட்டகைகளுக்கும் இது பொருந்தாது.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். "அதெல்லாம் சரி மாமா, என் பில்லு?" என்றான். பதில் தெரியலை. ஆர்ட்னக்ரஷா இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, லிமெரிக் பக்கம் போனா ஒரு போட்டோ எடுத்து அனுப்புடான்னு மட்டும் சொல்லி வைத்தேன்.