1150-க்குள்ள ஒரு கல்யாணம்

போன மாசம் ஊருக்குப் போனப்போ சித்தப்பா வீட்டுப் பரண்ல ஒரு வி.எச்.எஸ். கேசட் கிடைச்சது. அப்பா அம்மா கல்யாணம், 1996. மூணு மணி நேரம். எங்க வீட்டுல இருந்த பிரதியை 2005-ல ஒரு ஸ்டூடியோவுல கொடுத்து மூணு வி.சி.டி.யா மாத்திட்டு, பூஞ்சை பிடிச்ச கேசட்டைத் தூக்கிப் போட்டாச்சு. அந்த வி.சி.டி.யில தாலி கட்டுற இடம் மட்டும் சதுரம் சதுரமா உடைஞ்சிருக்கும். அம்மாவோட அப்பா முகம் நேரா தெரியுற ஒரே இடம் அதுதான். டிஸ்க்ல கீறல்னு இத்தனை வருஷம் நெனச்சிட்டிருந்தேன். கீறல் இல்லை மக்களே, கணக்கு! கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

1982-ல சி.டி. வந்தது பாட்டு கேக்கத்தான். அது நொடிக்கு சுமார் 1.4 மெகாபிட் வேகத்துல ஓடும். அதே வேகத்துல படமும் காட்டணும்னு ஆசைப்பட்டதோட விளைவுதான் எம்பெக்-1 சுருக்கமுறை. பிலிப்ஸ், சோனி, ஜே.வி.சி., மட்சுஷிடா நாலு பேரும் சேர்ந்து 1993-ல வி.சி.டி.க்கு விதி எழுதினாங்க. நம்ம ஊர் பால் முறைக்கு 352×288 புள்ளிகள், படத்துக்கு 1150 கிலோபிட், ஒலிக்கு 224. சுருக்காம விட்டா அதே படத்துக்கு நொடிக்கு 30 மெகாபிட் வேணும். அதாவது 26 பங்குல ஒரு பங்குதான் மிஞ்சும்.

மிச்சத்தை எப்படி ஏமாத்துறாங்க? முந்தின படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன வித்தியாசமோ, அதை மட்டும் எழுதுறது. பந்தியில எல்லாரும் உக்காந்து சாப்பிடுறப்போ வித்தியாசம் கம்மி, படம் பளிச்சுனு இருக்கும். தாலி கட்டுறப்போ? நாலு பக்கமும் அட்சதை பறக்குது, பூ பறக்குது, கேமராக்காரரை யாரோ இடிக்கிறாங்க. ஒவ்வொரு புள்ளியும் மாறுது. ஆனா வி.சி.டி. விதிப்படி இங்கயும் அதே 1150தான். பிட்டு பத்தாம 8×8 கட்டங்களா உடைஞ்சு போகுது. எது முக்கியமோ அதுதான் முதல்ல சிதையுது. போதாக்குறைக்கு 576 வரியை 288 ஆக்கினதுல பாதி வரி அப்பவே காலி.

1996-ல ஜப்பான்ல டி.வி.டி. விற்பனைக்கு வந்தது. எம்பெக்-2, 720×576, படத்துக்கு 9.8 மெகாபிட் வரைக்கும் போகலாம். முக்கியமான விஷயம், பிட்ரேட் ஏறி இறங்கலாம். அதாவது பந்தியில மிச்சம் பிடிச்சுத் தாலிக்குச் செலவு பண்ணலாம், நம்ம வீட்டு பட்ஜெட் மாதிரி :-)

சரி, மேட்டருக்கு வருவோம். எஃப்.எஃப்.எம்பெக்ல "பால் டி.வி.டி."ன்னு ஒரு ரெடிமேட் அமைப்பு இருக்கு. கண்ணை மூடிட்டு அதைப் போட்டா படத்துக்கு 6000, ஒலிக்கு 448. மூணு மணி நேரத்துக்கு 8.7 ஜி.பி. வரும். டிஸ்க்கோ 4.7 தான். அதனால பேப்பரை எடுத்தேன். 4.7 ஜி.பி.ன்னா 3 கோடியே 76 லட்சம் கிலோபிட். 10,800 நொடியால வகுத்தா 3480. ஒலிக்கு 192, கொஞ்சம் ஓரம், எல்லாம் போக படத்துக்கு 3200.

720×576-க்கு 3200 இழுபறிதான். ரெண்டு டிஸ்க்கா பிரிக்கலாம், ஆனா அம்மா நடுவுல எழுந்து டிஸ்க் மாத்த மாட்டாங்க. வி.எச்.எஸ். ஒரு வரியில சுமார் 240 கோடு அளவு நுணுக்கம்தான் காட்டும். அதுக்கு 720 புள்ளி எதுக்கு? டி.வி.டி. விதியிலயே 352×576-க்கும் இடம் இருக்கு. புள்ளி பாதியாச்சு, அதே 3200 தாராளம். 576 வரியும் பத்திரம். ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளைக் கலக்காம அப்படியே விட்டேன். எங்க வீட்டு டி.வி. இன்னும் பழைய டப்பாதான், அதுக்கு அதுதான் சரி. உச்சவரம்பு 8000, ரெண்டு சுற்று. முதல் சுற்றுல மொத்தக் கல்யாணத்தையும் பாத்துட்டு, ரெண்டாவது சுற்றுல பிட்டைப் பங்கு போடும்.

எச்.264 2003-லயே வந்துடுச்சே, அதைப் போட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. வீட்டுல இருக்குற சாதா டி.வி.டி. பிளேயர் அதைப் படிக்காதுங்க.

ராத்திரி அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். எங்க வீட்டுல ரொம்ப நாளா ஒரு பேச்சு உண்டு, இந்தக் கல்யாணத்துல தாத்தாவுக்கு இஷ்டமே இல்லை, மூஞ்சியைத் திருப்பிட்டு நின்னாருன்னு. வி.சி.டி.யில பாத்தாலும் அப்படித்தான் தோணும். இப்போ தெளிவாத் தெரிஞ்சது. அட்சதையைப் போட்டுட்டு, அந்தப் பக்கம் திரும்பித் துண்டால கண்ணைத் தொடைக்கிறாரு.

அம்மா ஒண்ணும் சொல்லலை. "இன்னொரு தடவை போடு"ன்னாங்க.

டிஸ்கி: கேசட்ல இருந்து சுருக்காம எடுத்த மூலக்கோப்பை ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வெச்சிருக்கேன். நீங்களும் மாத்தினா அதைச் செய்ங்க. ஒரு தடவை தூக்கிப் போட்ட பிட்டு திரும்ப வராது.