தொம்ரேமி-லா-புசெல்

தொம்ரேமி-லா-புசெல், பிரான்சின் கிழக்கே லொரேன் பகுதியில் மியூஸ் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர். பயிரும் மாடுமே இவ்வூரின் நெடுங்காலப் பிழைப்பு. ‘தொம்ரேமி’ என்ற பெயர் புனித ரெமியிடமிருந்து வந்தது. ஊர்த் தேவாலயமும் அவர் பெயரில்தான் உள்ளது. ‘புசெல்’ என்றால் கன்னிப்பெண். 1412-ஐ ஒட்டி இங்கே பிறந்த பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கை முன்னிட்டுப் பின்னாளில் சேர்ந்த ஒட்டு அது.

நூறாண்டுப் போரில், எல்லையோர ஊர் என்பதாலேயே தொம்ரேமி அல்லல்பட்டது. ஊரார் பிரெஞ்சு அரசர் பக்கம். அக்கரையிலிருந்த மாக்சே ஊரார் பர்கண்டி பக்கம். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் அடித்துக்கொண்டு ரத்தக் காயத்தோடு வீடு திரும்பியதைப் பார்த்திருப்பதாக ஜோன் பிற்பாடு, 1431-இல் ரூவான் நகரில் தன்மீது நடந்த விசாரணையில் கூறினார். 1419-இல் ஊரார் சிலர் ஆற்றுத் தீவிலிருந்த கோட்டையைக் குத்தகைக்கு எடுத்தனர். கொள்ளைப் படை வந்தால் கால்நடைகளை ஓட்டிப்போய் அடைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. குத்தகைதாரருள் ஜோனின் தந்தை ஜாக் தார்க்கும் ஒருவர். 1428-இல் அந்தக் கோட்டையும் போதவில்லை. ஊரே மாடுகளை ஓட்டிக்கொண்டு நெஃப்ஷாத்தோ நகருக்கு ஓடியது.

மறு ஆண்டு பிரெஞ்சு அரசர் ஏழாம் சார்ல்ஸ் ரெய்ம்ஸில் முடிசூடியதும், ஜோனின் வேண்டுகோளின்பேரில் தொம்ரேமிக்கும் பக்கத்து ஊரான க்ரோவுக்கும் வரிவிலக்கு அளித்தார். வரிப் பதிவேட்டில் தொகை எழுதவேண்டிய இடத்தில் ‘ஏதுமில்லை, கன்னியின் பொருட்டு’ என்ற பொருளில் குறிப்பு எழுதப்பட்டது. உழவர் வீட்டுப் பெண் தன் ஊருக்குக் கேட்டு வாங்கியது பொன்னோ பட்டமோ அல்ல என்பது கவனிக்கத்தக்கது.

ஜோன் பிறந்ததாகக் காட்டப்படும் வீடு, ஒருபக்கமாகச் சரிந்த கூரையும் தரைத்தளத்தில் நான்கு அறைகளும் கொண்டது. வாசல் நிலைக்கு மேலே மூன்று குலச்சின்னங்களும் 1481 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டுள்ளன. அரசரை வாழ்த்தும் வரியோடு ‘வாழ்க உழைப்பு’ என்ற வாழ்த்தும் அங்கே உண்டு. 1818-இல் வோஜ் மாவட்ட நிர்வாகம் வீட்டை விலைக்கு வாங்கியது. 1840-இல் அது வரலாற்றுச் சின்னமாகப் பட்டியலில் சேர்ந்தது.

வீட்டுக்கு அருகிலேயே புனித ரெமி தேவாலயம். ஜோன் திருமுழுக்குப் பெற்றதாகக் கருதப்படும் கல்தொட்டி அங்கே இன்னும் இருக்கிறது. ஆனால் கட்டடம் அவர் அறிந்தபடி இல்லை: 19-ஆம் நூற்றாண்டில் உட்புற அமைப்பைத் திருப்பியதால், அன்று பீடம் இருந்த பக்கம் இன்று வாசல்.

ஊருக்கு வெளியே, மேட்டில், ‘தேவதைகளின் மரம்’ எனப்பட்ட பீச் மரம் ஒன்று நின்றது. காய்ச்சல் கண்டவர்கள் அருகிலிருந்த ஊற்று நீரைக் குடிப்பார்கள். இளம்பெண்கள் கிளைகளில் மாலை தொங்கவிடுவார்கள். ரூவான் விசாரணையில் இந்த வழக்கங்களைப் பற்றியும் ஜோனைத் துருவிக் கேட்டனர். அந்தச் சரிவில் 1881-இல் போல் செதீல் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடப்படி புவா-ஷெனு பசிலிக்கா எழத் தொடங்கியது. ஜோன் 1920-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். பசிலிக்கா 1926-இல் அர்ச்சிக்கப்பட்டது. இன்று அந்த மரமும் இல்லை, மாடு அடைத்த தீவுக் கோட்டையும் இல்லை.